பத்து மணிக்கு மேல்

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியின் கதவில் கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு தாளை ஒட்டினேன். அதில் இரண்டு கட்டங்கள். சிவப்புக் கட்டத்தில், 'திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் 2 முதல் இரவு 10 வரை: கரண்டு விலை அதிகம்' என்று எழுதியிருந்தேன். பச்சைக் கட்டத்தில், 'இரவு 10 மணிக்கு மேல். சனி, ஞாயிறு முழு நாளும்: விலை குறைவு' என்று இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் புரியட்டும் என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: 'சிவப்பு நேரத்தில் தேவையில்லாமல் எதையும் போடாதீர்கள்.'

நான் கணக்குத் துறையில் வேலை செய்பவள். எதற்கும் ஓர் அட்டவணை போட்டால்தான் எனக்கு நிம்மதி. அந்தத் தாளை ஒட்டியபோது, வீட்டுக்கும் நாட்டுக்கும் ஒரே நேரத்தில் நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த ஒரு வரி யார் தலையில் போய் விழும் என்று யோசிக்கவில்லை.

நாங்கள் இருப்பது சுபாங் ஜெயா, யூஎஸ்ஜேயில் ஓர் இரட்டை மாடி வரிசை வீடு. நான், கணவர், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகன், தமிழ்ப்பள்ளியில் படிக்கும் மகள், 74 வயது அம்மா. காலை ஏழு மணிக்குள் நாங்கள் நால்வரும் கிளம்பிவிடுவோம். பிள்ளைகள் பள்ளியும் டியூஷனும் முடித்து ஆறு மணிக்கு வருவார்கள். நாங்கள் இருவரும் வந்து சேர ஏழாகிவிடும். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் அம்மா மட்டும்தான்.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மின்கட்டண முறை மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் மாதம் ஏறத்தாழ 780 யூனிட் ஓடும். புதிய பில் வந்தபோது தொகை பழையதைவிடப் பெரிதாக மாறவில்லை. ஆனால் பில்லின் முகமே மாறியிருந்தது. முன்பெல்லாம் முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100க்கு ஒரு விலை என்று படிப்படியாக ஏறும். இப்போது எரிசக்திக்கு ஒரு விலை, மின்நிலையங்களைத் தயாராக வைத்திருப்பதற்கு ஒரு விலை, கம்பிகளுக்கும் கம்பங்களுக்கும் ஒரு விலை எனத் தனித்தனி வரிகள். மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சிக்கன ஊக்கத்தொகை என்று யூனிட்டுக்கு 25 சென் வரை கழிவு உண்டு. பயன்பாடு கூடக் கூட அந்தக் கழிவு குறைந்துகொண்டே போய், 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமே கிடையாது. 600 யூனிட்டுக்குள் இருந்தால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் இல்லை. எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் தொகையும் இல்லை.

இதோடு, விரும்புகிறவர்கள் நேர அடிப்படைக் கட்டணத்துக்கு மாறலாம் என்று அறிவித்திருந்தார்கள். பிற்பகலில் அலுவலகங்களும் கடைகளும் ஏர்கோனில் ஓடுகின்றன. மாலையில் வீடுகள் சேர்ந்துகொள்கின்றன. அந்த நேரத்தில் நாட்டுக்கே மின்சாரம் அதிகம் தேவைப்படுகிறது. அதனால் அப்போது எரிசக்திப் பகுதிக்கு 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43 சென். துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் இரவுக்குத் தள்ளிவைத்தால் நமக்கும் மிச்சம், மின்நிலையங்களுக்கும் சுமை குறையும். நல்ல யோசனைதான். நானும் விண்ணப்பித்தேன். தாளையும் ஒட்டினேன்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, மகளின் பள்ளியில் ஒரு பாரத்தைக் கொடுக்க வேண்டியிருந்ததால் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மழை பெய்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டை இன்னும் மறக்க முடியவில்லை. அம்மாவின் அறை மேற்குப் பக்கம் பார்த்தது. அங்கே அவர் இல்லை. சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில், சிமெண்டுத் தரையில் கைலியோடு உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார். ஆனால் பதில் சொல்ல நேரமெடுத்தது. ஏர்கோன் ஓடவில்லை. காற்றாடியும் ஓடவில்லை.

"ஏம்மா, காத்தாடிகூடப் போடலையா?"

"நீதானே எழுதி வச்சிருக்க. பத்து மணிக்கு மேலதானே போடலாம்."

கிளினிக்கில் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், உப்புநீர் ஏற்றினார். வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும் என்றார். அம்மா சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையும் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றக்கூடியது. அந்த அறையில் இன்னும் இரண்டு மணி நேரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கீழே வந்து, மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அம்மா வழக்கமாக மதியம் இரண்டு முதல் ஐந்து வரை ஏர்கோன் போடுவார். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்குச் சுமார் 0.8 யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், மாதத்தில் 22 வேலை நாட்களுக்கு 53 யூனிட். அதை விலை அதிகமான நேரத்தில் போடுவதற்கும் குறைவான நேரத்தில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம், மாதத்துக்கு 2 வெள்ளி 17 சென். கடையில் ஒரு தே தாரிக் காசு. ஏர்கோனையே போடாமல் இருந்தால்கூட மாதம் 23 அல்லது 24 வெள்ளிதான் மிச்சம். காற்றாடியோ, எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு நாளைக்கு 25 சென்.

இந்தக் கணக்கைத் தாளை ஒட்டுவதற்கு முன்பே நான் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை. நான் இருந்தது அலுவலகத்தில். அங்கே ஏர்கோன் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, சுடுதண்ணீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்போம். சுபாங்கில் வேலை செய்யும் பல தோழிகளின் நாற்காலிகளிலும் ஒரு கம்பளிச் சட்டை தொங்கும். அரசாங்க அலுவலகங்களில் 24 பாகைக்குக் கீழே இறக்க வேண்டாம் என்று 2011ஆம் ஆண்டிலேயே சொல்லப்பட்டது. தனியார் கட்டடங்களில் அதை யார் பார்க்கிறார்கள்? நான் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நாட்டின் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக என் அம்மா வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார்.

அவர் ஏன் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மறுநாள்தான் புரிந்தது. அம்மா பிறந்தது காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். லயத்தில் மின்சாரம் என்றால் தோட்டத்து இன்ஜின்தான். மாலை இருட்டும் நேரத்தில் இன்ஜின் சத்தம் கேட்கும். வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு எரியும். பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாள் பெரட்டுக்கு வேண்டியதை எடுத்துவைத்துவிட வேண்டும். அதற்கு மேல் மண்ணெண்ணெய் விளக்குதான். கரண்டு என்பது மேலே யாரோ நேரம் வைத்துக் கொடுப்பது, நாம் அந்த நேரத்துக்குள் அடங்கி நடப்பது என்று பழகிய தலைமுறை அது. மகள் தாளில் நேரம் எழுதி ஒட்டினால், அம்மாவுக்கு அதுவும் ஓர் இன்ஜின் நேரம்தான்.

"எங்க காலத்துல இன்ஜின் நிக்கிற நேரத்துலதான் இப்ப உங்களுக்குக் கரண்டு மலிவாகுது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தாளை உடனே கிழித்துப் போட்டேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் சிக்கனம் என்று நான் சொன்னேன். அது வாய் திறந்து கேட்காத ஒருவர் மேல் விழுந்தது. ஊரிலும் நாட்டிலும் எரிசக்தியைப் பற்றி நாம் பேசும்போது, அது யார் மேல் விழுகிறது?

பதில் தேடி வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை எட்டு மணி தாண்டியிருக்கும். பசியாறிக்கொண்டிருந்தோம். வீடே அதிர்வதுபோல ஒரு சத்தம், நிற்கவே இல்லை. விமானம்தான் ஏதோ விழுந்துவிட்டது என்று வெளியே ஓடினோம். புத்ரா ஹைட்ஸ் பக்கம் வானத்தில் ஒரு நெருப்புத் தூண் நின்றது. அத்தனை தூரத்திலும் முகத்தில் சூடு தெரிவதுபோல இருந்தது. அம்மா வாசலில் நின்று கைகூப்பிக்கொண்டே இருந்தார்.

நிலத்துக்கு அடியில் போகும் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது என்று பிறகு தெரிந்தது. குழாயின் வால்வுகளை அடைத்து, உள்ளே மிச்சமிருந்த எரிவாயு தீர்ந்து, தீ முழுதாக அடங்கப் பிற்பகல் ஆகிவிட்டது. நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். இருநூறுக்கும் அதிகமான வீடுகள் பாதிக்கப்பட்டன. பல வீடுகளில் சுவர் மட்டும்தான் மிஞ்சியது. பெருநாள் உடுப்போடு ஓடி வந்த குடும்பங்கள் புத்ரா ஹைட்ஸ் பள்ளிவாசலில் தங்கின. சுற்று வட்டாரத்து மக்கள் இனம் பார்க்காமல் சாப்பாடும் துணியும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். என் கணவரும் இரண்டு நாள் போய் வந்தார்.

அதுவரை எரிவாயு என்றால் எனக்குச் சமையல் தோம்புதான். தெரெங்கானு கடலில் எடுக்கும் எரிவாயு கெர்தேயில் சுத்திகரிக்கப்பட்டு, 2,500 கிலோமீட்டருக்கும் நீண்ட ஒரு குழாய் வலை வழியாகத் தீபகற்பம் முழுக்கப் போகிறது. மின்நிலையங்களும் தொழிற்சாலைகளும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதில் ஒரு பகுதி நம் ஊர் வீடுகளுக்குப் பக்கத்திலேயே போகிறது. இதெல்லாம் அந்த நெருப்புக்குப் பிறகுதான் எங்களில் பலருக்குத் தெரியும். குழாய்ப் பாதை என்று எழுதி நட்டிருக்கும் மஞ்சள் குறிகளைத் தாண்டித்தான் எத்தனையோ முறை காரில் போயிருக்கிறோம். படித்ததில்லை.

ஜூன் 30ஆம் தேதி விசாரணை முடிவை வெளியிட்டார்கள். சதிவேலை எதுவும் இல்லை. குழாயைத் தாங்கியிருந்த மண் தளர்ந்ததும், நீண்ட காலம் திரும்பத் திரும்ப விழுந்த அழுத்தமும் சேர்ந்து குழாய் களைத்துப்போய் உடைந்தது என்றார்கள். அதே ஜூன் 30ஆம் தேதிதான், வீட்டுக் கூரையில் சோலார் போட்டு மிச்ச மின்சாரத்தை 'ஒன்றுக்கு ஒன்று' எனக் கழித்துக்கொள்ளும் பழைய திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மறுநாள் ஜூலை 1, புதிய மின்கட்டணம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டு நாளில் மூன்று செய்திகள். நாங்கள் மூன்றையும் மூன்று தனிக்கதைகளாகப் படித்தோம். வாட்ஸ்அப் குழுவில் ஒன்றுக்கு அழுதோம், ஒன்றைத் தவறவிட்டோம், ஒன்றைத் திட்டினோம். மூன்றும் ஒரே கதை என்று எனக்குப் புரிய, அம்மா சிமெண்டுத் தரையில் உட்கார வேண்டியிருந்தது.

தீபாவளிக்குக் காப்பாரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனோம். அம்மாவின் தம்பி, தோட்டம் போனாலும் ஊரை விட்டுப் போகாதவர். அவர் வீட்டுக்குப் போகும் வழியில், கடலோரத்தில் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜீஸ் மின்நிலையம். முழுதாகக் கட்டி முடித்தபோது அதன் திறன் 2,420 மெகாவாட். நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்று. இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் நிலக்கரி வந்து இறங்கும். சின்ன வயதிலிருந்து பார்த்த புகைபோக்கிகள்தான். அன்றைக்குத்தான் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

"இதைப் பாக்கவா சுபாங்கிலேர்ந்து வந்தீங்க?" என்று மாமா கேட்டார். "உங்க ஏர்கோனுக்கு வெளிப்பக்கம் இங்கதான் இருக்கு."

ஏர்கோனில் உள்பக்கம் குளிரும், வெளிப்பக்கம் சூட்டைத் தள்ளும். மாமா சொன்னது வேடிக்கைக்குத்தான். ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் இன்னமும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது. நகரத்தில் ஒரு சுவிட்சைத் தட்டும்போது அதன் வெளிப்பக்கம் எங்கோ யாருடைய வீட்டுக்குப் பக்கத்திலோ ஓடிக்கொண்டிருக்கிறது. 2023இல் அரசாங்கம் வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், இனிமேல் புதிய நிலக்கரி மின்நிலையம் இல்லை, 2050க்குள் மின்உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்கும் என்கிறது. 2044க்குள் நிலக்கரியை முழுதாக விட்டுவிடுவோம் என்றும் அரசாங்கம் சொல்லியிருக்கிறது. 2044இல் என் மகளுக்கு இருபத்தொன்பது வயது. அந்த மாற்றத்துக்கான செலவை யார் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்பதுதான் இப்போது நடக்கும் பேச்சு. பில்லில் வந்த புதிய வரிகள் அந்தப் பேச்சின் ஒரு துண்டு.

அம்மா வண்டிக்குள்ளிருந்து அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்தப் பக்கமெல்லாம் நாங்க இருந்தப்ப இருட்டு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு ஜனவரியில் எங்கள் குடியிருப்பாளர் சங்கம் சமூக மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டது. விஷயம்: புதிய சோலார் திட்டம், மின்கட்டணம், குழாய்ப் பாதைப் பாதுகாப்பு, மரங்கள். நாற்பது, ஐம்பது பேர் வந்திருந்தார்கள். அம்மாவைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் அவரையும் அழைத்துப் போனேன். மசால் வடையும் கரிபாப்பும் வைத்திருந்தார்கள். பேச்சும் சூடாகத்தான் இருந்தது.

ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்திருக்கும் திட்டத்தின் பெயர் சோலார் அதாப். மலாயில் அதாப் என்றால் கூரை. அம்மா என் காதில், "அத்தாப்புன்னா எங்க லயத்துக் கூரைதானே?" என்று கேட்டார். பொறியாளராக இருக்கும் ஓர் இளைஞர் விளக்கினார். இந்தத் திட்டத்தில் நாம் வெளியே அனுப்பும் மிச்ச மின்சாரத்துக்குக் கிடைக்கும் கழிவு, பழைய திட்டத்தைவிடக் குறைவு. ஆகவே பகலில் உற்பத்தியாவதைப் பகலிலேயே வீட்டில் பயன்படுத்திக்கொள்வதுதான் லாபம். உடனே ஒருவர், "பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். பட்டறி வாங்கினால் இரவில் பயன்படுத்தலாம், செலவு கட்டுப்படியாகாது, துவைக்கும் மெஷினுக்கு டைமர் வைக்கலாம் என்று பேச்சு போயிற்று.

பக்கத்து அடுக்குமாடியில் இருந்து வந்த ஒரு மலாய் அம்மா எழுந்து, "எங்களுக்குத் தனிக் கூரையே கிடையாது. எங்களுக்கு இதில் என்ன?" என்று கேட்டார். மண்டபம் கொஞ்சம் அமைதியானது. கூட்டுக் கூரையில் சோலார் போட்டுப் பொது விளக்குகளுக்கும் மின்தூக்கிக்கும் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு நிர்வாகக் குழுவில் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும், முதல் பணத்தை யார் போடுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். நல்ல கேள்விதான். பதிலை யாரும் முடிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் குறித்துக்கொண்டார்கள்.

இன்னொருவர், "வீட்டுக்காரர்களையே பிடித்துச் சிக்கனம் சொல்கிறீர்களே, பேரங்காடிகளையும் அலுவலகக் கட்டடங்களையும் யார் கேட்பது?" என்றார். அதற்கும் ஒரு சட்டம் வந்திருக்கிறது என்று அந்த இளைஞர்தான் சொன்னார். 2024ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம், 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. எரிசக்தியை அதிகமாகப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் எரிசக்தி நிர்வாகியை நியமித்துக் கணக்குக் காட்ட வேண்டும். 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்கள் எவ்வளவு மின்சாரம் தின்கின்றன என்பதற்கு முத்திரை பெற வேண்டும். என் கம்பளிச் சட்டை நினைவுக்கு வந்தது. கை தூக்கிப் பேசலாமா என்று யோசித்தேன். பேசவில்லை.

கூட்டம் முடிந்து காரில் திரும்பும்போது அம்மாவிடம், "போர் அடிச்சிருக்குமே?" என்றேன்.

"இல்லம்மா, நல்லாத்தான் பேசினாங்க. ஆனா பேசினவங்க எல்லாம் வேலைக்குப் போறவங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "பகல்ல வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேட்டாங்க பாரு, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் இருக்கேன். எதிர்வீட்டு மக்சிக் இருக்காங்க. முனை வீட்டுச் சீனக் கிழவர் இருக்காரு. வெயில் அடிக்கிறப்ப கரண்டு வரும்னா, வெயில் அடிக்கிறப்பதானே எங்களுக்குக் காத்தாடி வேணும்?"

கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசியதன் சாரம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அதை அவர் மண்டபத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவரைப் பேசச் சொல்லி நான் ஒலிவாங்கியை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் என்ன மாறியது என்று சொல்லிவிடுகிறேன்; உங்களுக்கும் பயன்படலாம். சிக்கனத்தை அம்மாவிடமிருந்து எடுத்து எங்கள் பக்கம் வைத்தோம். இரவில் மூன்று படுக்கையறைகளிலும் 18 பாகையில் ஓடிய ஏர்கோன்கள் இப்போது 25இல் காற்றாடியோடு ஓடுகின்றன. பிள்ளைகள் இரண்டு நாள் முனகினார்கள், பிறகு பழகிவிட்டது. சுடுநீர்க் கருவி, உலர்த்தி, பழைய இரண்டாவது ஐஸ்பெட்டி மூன்றும்தான் எங்கள் பில்லைத் தின்றுகொண்டிருந்தன என்பது மீட்டரைத் தினமும் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உலர்த்திக்குப் பதில் கொடிக் கயிறு. இரண்டாவது ஐஸ்பெட்டி தீபாவளிக்கு மட்டும். சோற்றுக்கும் குழம்புக்கும் அதில் வேலையே இல்லை. வெறும் குளிர்பானம்தான் இருந்தது. கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவில் வெப்பத்தடுப்பு விரிப்புப் போட்டோம். அம்மாவின் மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் திரை. இந்த இரண்டால் மட்டுமே அந்த அறை மதியத்தில் ஆள் இருக்கக்கூடியதாக மாறியிருக்கிறது. துவைப்பதும் இஸ்திரியும் வார இறுதியில்; அதை இப்போது என் கணவரும் மகனும் செய்கிறார்கள்.

மூன்று மாதமாக எங்கள் பயன்பாடு 600 யூனிட்டுக்குள் நிற்கிறது. முந்நூறைத் தாண்டிய பில் இருநூற்றுப் பத்து வெள்ளி அளவில் வருகிறது. அம்மா மதியத்தில் காற்றாடியும், தேவைப்பட்டால் ஏர்கோனும் போடுகிறார். அதாவது, போட வேண்டும் என்று நாங்கள் நச்சரிக்கிறோம். மத்தியானம் மூன்று மணிக்கு மகன் பள்ளியிலிருந்தோ நான் அலுவலகத்திலிருந்தோ ஒரு போன் போடுவோம். தண்ணீர் குடித்தாரா, அறை எப்படி இருக்கிறது என்று கேட்போம். எதிர்வீட்டு மக்சிக்கையும் அவர் எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

சோலார் இன்னும் போடவில்லை. வந்த மதிப்பீடு இருபதாயிரம் வெள்ளிக்கு மேல். மகனின் மேற்படிப்பும் வரிசையில் நிற்கிறது. பழைய திட்டம் இருந்தபோது, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நான்கு வருடம் கடத்தியவர்கள் நாங்கள்தான். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இந்த முறை கணக்கைப் போடும்போது ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன்: பகலில் வீட்டில் இருப்பவர், ஒருவர்.

அடுத்த கூட்டம் மார்ச்சில். அடுக்குமாடிக் கூரை, குழாய்ப் பாதையின் மேல் புதிதாக என்ன கட்டுகிறார்கள் என்பதை யார் கண்காணிப்பது, வெயில் நாட்களில் தனியாக இருக்கும் முதியவர்களை யார் போய்ப் பார்ப்பது என்று மூன்று விஷயங்களை எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்றாவதைப் படித்த செயலாளர், "இது எரிசக்தி விஷயமா?" என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்று பதில் அனுப்பினேன்.

அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "மைக் எல்லாம் எனக்கு வேணாம்" என்கிறார். போன வாரம் மட்டும், தான் பேசினால் தமிழில் பேசலாமா, அதை யாராவது மலாயில் சொல்வார்களா என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.